சொல்லைப் பிரித்தால் பிழை தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே நாள் இதழில், திரைப்படச் செய்தியில் 'இயக்குனர்', அரசு அறிவிப்பில் 'இயக்குநர்'. முதல் பக்கத்தில் 'முன்னூறு', உள்பக்கத்தில் 'முந்நூறு'. தங்கள் இதழை மட்டும் குறை சொல்லவில்லை. தமிழ் அச்சில் எங்கும் இதுதான் நிலை. இதற்கு மருந்தாக அவ்வப்போது 'பிழை – திருத்தம்' என்று இரண்டு பத்திப் பட்டியல் ஒன்று வெளியாகிறது. நூறு சொல்லை மனப்பாடம் செய்தவர் நூற்றொன்றாவது சொல்லில் திரும்பவும் தடுமாறுவார். இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை எழுத்துப் பிழைகளே அல்ல, சொல்லைத் தவறான இடத்தில் பிரித்ததால் வந்தவை. பிரிக்கத் தெரிந்தவருக்குப் பட்டியல் வேண்டியதில்லை.

பிரிப்பதற்கான கருவி நம்மிடம் பழையதாகவே இருக்கிறது. பகுதி (அடிச்சொல்), விகுதி (இறுதியில் நிற்பது), இடைநிலை (காலம் போன்றவற்றைக் காட்டி நடுவில் நிற்பது), சாரியை (தனிப்பொருளின்றி இடையில் வருவது), சந்தி (பகுதியை அடுத்ததோடு இணைக்கும் எழுத்து), விகாரம் (எழுத்து மாறுவது) என்ற ஆறு உறுப்புகளில் ஏற்றவை சேர்ந்து எந்தப் பதமும் அமையும் என்று 13ஆம் நூற்றாண்டு நன்னூல் சொல்கிறது. பள்ளியில் இதைப் படிக்காதவர் இல்லை. ஆனால் தேர்வு வினாவுக்கு விடையாகப் படித்து அங்கேயே விட்டுவிடுகிறோம். ஆறும் ஒருங்கே வரும் 'வந்தனன்' என்ற சொல்தான் வழக்கமான எடுத்துக்காட்டு: வா + த் + த் + அன் + அன். வா பகுதி, அது 'வ' எனக் குறுகியது விகாரம். முதல் த் சந்தி. அது ந் ஆனதும் விகாரம். இரண்டாம் த் இறந்தகால இடைநிலை, முதல் அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி.

இதில் மாணவர் இடறும் இடம் 'தா', 'ன' போன்ற உயிர்மெய்தான். 'வந்தான்' என்பதில் 'தா' கண்ணுக்கு ஓர் எழுத்து. ஆனால் அதிலுள்ள த் காலத்தைக் காட்டுகிறது. ஆ, அடுத்த ன் உடன் சேர்ந்து யார் என்பதைக் காட்டுகிறது. உறுப்புகள் சேரும் மூட்டு, ஓர் எழுத்துக்கு நடுவிலேயே ஒளிந்திருக்கிறது. நம் எழுத்துமுறையின் அழகும் தொல்லையும் இதுவே. சொல்லைப் பிரிக்க வேண்டுமானால் முதலில் உயிர்மெய்யை மெய்யும் உயிருமாக உடைத்து எழுதிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பவர்தான் 'வந் + தான்' என்று எழுதிவிட்டு விழிக்கிறார்.

வேலையை வலப்பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. கடைசியில் நிற்பது விகுதி; அதைக் கழற்றுங்கள். பிறகு இடக்கோடிக்குப் போய்ப் பகுதியைத் தேடுங்கள். வினைச்சொல்லில் பகுதி என்பது ஒருவனை ஏவும்போது சொல்லும் வடிவம்: நட, ஓடு, நில், காண். மூன்று காலத்திலும் சொல்லிப் பார்ப்பது இதற்கு நல்ல சோதனை. நடந்தான், நடக்கிறான், நடப்பான் மூன்றிலும் நிலைப்பது 'நட' மட்டுமே. ஆகவே 'நடந்' பகுதியாகாது. வா, தா இரண்டும் இந்தச் சோதனையில் வரு, தரு என்று வேடமிடும். அவற்றுக்கு ஏவல் வடிவமே சான்று. இரண்டு முனையும் கிடைத்த பின் நடுவில் எஞ்சியதில் காலத்தைத் தேடலாம். இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன். நிகழ்காலத்துக்கு கிறு, கின்று, ஆநின்று. எதிர்காலத்துக்கு ப், வ். உண்டான் என்பது உண் + ட் + ஆன். நின்றான் என்பது நில் + ற் + ஆன், ல் ன் ஆகியிருக்கிறது. விட்டான், பெற்றான், தொட்டான் ஆகியவற்றில் மட்டும் தனி இடைநிலை தேட வேண்டாம். விடு, பெறு, தொடு என்ற பகுதியின் ஒற்று இரட்டிப்பதே இறந்தகாலத்தைக் காட்டிவிடுகிறது.

இனி அச்சுப் பிழைகளுக்கு வருகிறேன்.

இயக்கு, ஓட்டு, நடத்து, அனுப்பு, பெறு என்ற பகுதிகளோடு 'நர்' விகுதி சேர்கிறது. இயக்குநர், ஓட்டுநர், நடத்துநர், அனுப்புநர், பெறுநர். 'நடத்துனர்' என்று எழுதினால் அதை நடத்துன் + அர் என்றுதான் பிரிக்க முடியும். நடத்துன் என்றொரு பகுதி தமிழில் இல்லை. பத்துப்பாட்டில் ஒன்று பொருநராற்றுப்படை. விகுதி அங்கேயே நர்தான். காதில் ந, ன வேறுபாடு மங்கிவிட்டதால் கை தவறுகிறது, அவ்வளவே. அறிஞர், கவிஞர், கலைஞர், இளைஞர் ஆகியவற்றில் ஏன் ஞர் என்று கேட்பவர்கள் அவற்றின் முன்பகுதியைக் கவனிக்கலாம்: அறி, கவி, கலை, இளை. எல்லாம் இ அல்லது ஐ ஒலியில் முடிகின்றன. உ ஒலியில் முடியும் பகுதிக்குப் பின் நர், இ, ஐ ஒலிகளுக்குப் பின் ஞர் என்று வைத்துக்கொண்டால் அன்றாடச் சொற்களில் தவறு வராது.

'பதட்டம்' இன்னொன்று. ஆடு – ஆட்டம், ஓடு – ஓட்டம். டு இருந்தால் ட்டம் வரும். மாறு – மாற்றம், சீறு – சீற்றம், ஏறு – ஏற்றம். று இருந்தால் ற்றம் வரும். மனம் பதறுகிறது, பதடுவதில்லை. எனவே பதற்றம். இதே கணக்குதான் 'சுவற்றில்' என்பதையும் தள்ளுகிறது. கிணறு – கிணற்றில், வயிறு – வயிற்றில், ஆறு – ஆற்றில். அந்தச் சொற்கள் று என்று முடிகின்றன. சுவர் ர் என்று முடிவதால் சுவரில், சுவரை, சுவருக்கு. எழுவாய் வடிவத்தை ஒரு முறை வாய்விட்டுச் சொன்னாலே போதும்.

'நினைவு கூறினார்' என்று எழுதுவோர், கூர் என்ற வினை இருப்பதை மறந்துவிடுகின்றனர். கூர்தல் மிகுதல். 'அன்புகூர்ந்து' என்று மடல்களில் எழுதுகிறோமே, அதே கூர்தான். கூறு என்றால் கூறினார்; கூர் என்றால் கூர்ந்தார். நினைவுகூர்ந்தார் என்பதே சரி.

'அருகாமை' பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். காரணத்தை மட்டும் சொல்கிறேன். கல்லாமை, அறியாமை, இயலாமை, நிலையாமை என்று வரும் சொற்களில் பகுதிக்கும் மை விகுதிக்கும் இடையே ஓர் ஆ நிற்கிறது. அது எதிர்மறை இடைநிலை. கல்லாமை கற்காத நிலை. அருகாமையை அதே போல் பிரித்தால் அருகு + ஆ + மை, அருகாத நிலை. அருகுதல் குறைதல் ஆகும். 'அருகிவரும் உயிரினம்' என்று நாமே எழுதுகிறோம். பக்கத்தில் என்று சொல்ல வந்து, குறையாமை என்று சொல்லி முடிக்கிறோம். அருகில் என்ற நான்கெழுத்துச் சொல் கையில் இருக்கும்போது இந்தச் சுற்று எதற்கு?

'முயற்சிக்கிறார்' கொஞ்சம் சிக்கலானது. முயல் + சி = முயற்சி; சி தொழிற்பெயர் விகுதி. வினையைப் பெயராக்கி முடித்த பிறகு அந்தப் பெயரையே மறுபடி பகுதியாக்கிக் காலம் ஏற்றுகிறோம். இந்த முறை சரியென்றால் வளர்ச்சிக்கிறது, மகிழ்ச்சிக்கிறேன் என்றும் எழுத வேண்டிவரும். யாரும் எழுதுவதில்லை. ஆனாலும் முயற்சித்தார் என்பது வழக்கில் வேரூன்றிவிட்டது. பேச்சில் சொல்பவரைத் திருத்திக்கொண்டிருக்க மாட்டேன். செய்தியில் முயன்றார் என்று போட்டால் சரியாகவும் இருக்கும், தலைப்பில் இரண்டு எழுத்து இடமும் மிச்சம்.

கள் விகுதிக்குச் சற்று நின்று பார்க்க வேண்டும். நாள்களா, நாட்களா? நாட்குறிப்பு என்று வருவதால் நாட்கள் சரி என்று வாதிடுகிறார்கள். நாட்குறிப்பு இரண்டு சொற்கள் புணர்ந்தது. நாள்கள் ஒரு சொல்லும் விகுதியும். சரி, அப்படியானால் கற்கள், சொற்கள், பற்கள், முட்கள் மட்டும் எப்படி மாறின? அவற்றின் முன்பகுதியைப் பாருங்கள்: கல், சொல், பல், முள். எல்லாம் தனிக்குறிலை அடுத்து ல் அல்லது ள் வந்தவை. நெடிலை அடுத்து வந்தால் மாற்றம் இல்லை. கால்கள், நூல்கள், தோள்கள், தேள்கள், கோள்கள். காற்கள், நூற்கள் என்று எவரும் எழுதுவதில்லை. இரண்டு குறிலுக்குப் பின் வந்தாலும் இல்லை, விரல்கள், கடல்கள். ஆகவே நாள்கள், தாள்கள், பொருள்கள். இதைச் சொன்னால் விதி, விலக்கு என்ற குழப்பமே தேவைப்படாது.

எழுத்துகளா, எழுத்துக்களா என்ற வழக்கு வேறு. பூக்கள், ஈக்கள், பசுக்கள், தெருக்கள் ஆகியவற்றில் க் மிகுவதில் சண்டை இல்லை. நாடுகள், பந்துகள் என மிகாததிலும் சண்டை இல்லை. எழுத்து, வாழ்த்து, வாக்கு போன்ற வன்தொடர்க் குற்றியலுகரங்களில்தான் (வல்லின மெய்யை அடுத்துக் குறுகிய உகரத்தில் முடியும் சொற்களில்) தகராறு. வன்தொடர்க்குப் பின் வலி மிகும் என்பது ஒரு கட்சி. அந்த விதி இரு சொல் புணர்ச்சிக்கு, விகுதிக்கு அன்று என்பது மறு கட்சி. என் சாய்வு இரண்டாவது பக்கம். எதை எடுத்தாலும் ஓர் இதழ் முழுவதும் அதையே எடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கூடவே, 'அவைகள்' வேண்டாம். அவை ஏற்கெனவே பன்மை. வேற்றுமை ஏற்கும்போது அற்றுச் சாரியை பெற்று அவற்றை, அவற்றுக்கு என்று வரும். எல்லாவற்றையும் என்ற நீண்ட சொல்லிலும் எல்லா + வ் + அற்று + ஐ + உம் என்று அதே சாரியை உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியர்கள், அரசர்கள் என்பவற்றில் அர் பலர்பால் விகுதியாய் இருக்கக் கள் எதற்கு என்று கேட்கலாம். அர் மரியாதை ஒருமைக்குப் போய்விட்டது. ஆசிரியர் வந்தார் என்றால் ஒருவரே. பன்மைக்கு வேறு விகுதி தேவைப்பட்டது. ஒரு விகுதி தேய்ந்த இடத்தில் இன்னொன்று வந்து ஒட்டுவது மொழியின் இயல்பு.

எண்ணுப்பெயர்களிலும் பண்புப்பெயர்களிலும் ஒரே ஒழுங்கு ஓடுவதைப் பலர் கவனிப்பதில்லை. பெருமை என்ற சொல் மை கெட்டு அடுத்த சொல்லோடு சேரும்போது, உயிரெழுத்துக்கு முன் பேர், மெய்யெழுத்துக்கு முன் பெரு: பேராசிரியர், பேரூராட்சி, பேரிழப்பு, பேருந்து; பெருமழை, பெருநகரம், பெருங்காற்று. 'பெரும் இழப்பு' என்று இரண்டாக எழுதுவது ஒட்டத் தெரியாமல் வந்தது. இப்போது பக்கத்தில் இவற்றை வையுங்கள்: ஓர் ஆண்டு – ஒரு நாள், ஈராண்டு – இருமுறை, ஆருயிர் – அரும்பொருள், காரிருள் – கருமுகில், மூவாயிரம் – முப்பது, ஆறாயிரம் – அறுநூறு, ஏழாயிரம் – எழுநூறு. உயிர் வந்தால் முதல் நீள்கிறது, மெய் வந்தால் குறுகுகிறது. ஒரு, ஓர் எங்கே வரும் என்று தனியாக மனப்பாடம் செய்த விதி, இந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளைதான். ஆறுமுகம் போன்ற விலக்குகள் உண்டு. ஆனால் அறுமுகம் என்ற வடிவமும் வழக்கில் இருக்கிறது.

முந்நூறும் இங்கேதான் விளங்கும். மெய்க்கு முன் 'மூன்று' என்பது 'மு' எனக் குறுகி, வரும் மெய்யை இரட்டிக்க வைக்கிறது: முக்கனி, முச்சந்தி, முத்தமிழ், முப்பது, மும்முனை. நூறு வந்தால் இரட்டிக்க வேண்டியது ந், எனவே முந்நூறு. முன்னூறு என்றால் முன் + நூறு, அதாவது முந்தைய நூறு. நானூற்றில் ஏன் ஒரே ன என்றால், அங்கே நான் + நூறு. நெடிலுக்குப் பின் இரட்டை நிற்காமல் ஒன்று கெட்டது. தொண்ணூறும் தொள்ளாயிரமும் தனிக்கதை. தொண்ணூறு நூறு என்று முடிகிறது, மதிப்போ பத்தின் ஒன்பது மடங்கு. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்ற சொல் இருந்ததை மட்டும் இங்கே சொல்லி நகர்கிறேன்.

கடன் சொற்களும் இந்த வரியைக் கட்டித்தான் உள்ளே வருகின்றன. கல் + இல் = கல்லில்; தனிக்குறில் முன் ஒற்று இரட்டுகிறது. பஸ் + இல் = பஸ்ஸில். கால் + இல் = காலில்; கார் + இல் = காரில். 'பஸ்சில்' என்பதில் வந்த ச் எங்கிருந்து வந்தது என்று எழுதியவருக்கே தெரியாது.

அடுத்தது இடைவெளி. அச்சில் இதுவே அதிகம் பொருளைக் கெடுக்கிறது. வந்துவிட்டான் என்பது ஒரு செயல். 'விடு' துணைவினையாகி, முடிந்துபோனது என்ற குறிப்பை மட்டும் தருகிறது. வந்து விட்டான் என்று பிரித்தால் வந்தான், எதையோ விட்டான் என்று இரண்டு செயல். நடுவில் ஒரு சொல்லை நுழைத்துப் பார்ப்பதே சோதனை. 'வந்து குழந்தையைப் பள்ளியில் விட்டான்' என்று நுழைக்க முடிந்தால் பிரித்தெழுதுங்கள், முடியாவிட்டால் சேர்த்தெழுதுங்கள். பார்த்துக்கொண்டான், எழுதிவைத்தார் எல்லாம் இப்படியே. 'செய்யப் பட்டது', 'வந்து உள்ளார்' என்ற பிளவுகளுக்கு எந்தச் சமாதானமும் இல்லை. படு, உள் இரண்டுமே அங்கே தனித்து நிற்கவில்லை. தான் என்பது அழுத்தத்துக்கு வந்தால் ஒட்டும்: அவர்தான் சொன்னார். தன்னையே குறித்தால் தனியே நிற்கும்: அவர் தான் சொன்னதை மறுத்தார். ஒரு வெற்றிடத்தில் செய்தியே மாறுகிறது.

கணினிப் பிழைதிருத்தி இருக்கிறதே என்பார்கள். பிழைதிருத்தி வெறும் சொற்பட்டியலை வைத்துக்கொண்டு தமிழில் பிழைக்க முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வா என்ற ஒரே பகுதிக்கு நான், நாம், நீ, நீங்கள், அவன், அவள், அவர், அவர்கள், அது, அவை என்ற 10 எழுவாய்க்கும் மூன்று காலத்திலும் 30 வினைமுற்று. எதிர்காலத்தில் அது, அவை இரண்டுக்கும் 'வரும்' ஒன்றே என்பதால் 29. வந்த, வருகிற, வரும், வராத என்ற 4 பெயரெச்ச வழியிலும் அவன், அவள், அவர், அது, அவை என 5 வடிவம் வைத்தால் 20 வினையாலணையும் பெயர் (வந்தவன், வருகிறவள் போன்றவை). விளியை விட்டு 7 வேற்றுமை ஏற்றினால் 140. ஒவ்வொன்றும் தனியாகவும், உம், ஏ, ஓ, தான் சேர்ந்தும் வரும், 700. மொத்தம் 729. வினையெச்சம், துணைவினை, எதிர்மறை முற்று எதையும் இதில் சேர்க்கவில்லை. பிரித்துப் பார்க்கத் தெரிந்த நிரல்தான் இங்கே உதவும். அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது: முன்னூறு, நாட்கள் இரண்டும் பிரிக்கக் கூடிய வடிவங்களே என்பதால் அவற்றை அது கடந்துபோக விடலாம். பொருள் பார்க்க மனிதர் வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறையும் சொல்லியாக வேண்டும். பிரிக்கும் ருசி கண்டவர்கள் எல்லாச் சொல்லையும் வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நிலம், நீர், மரம் பகாப்பதங்கள். எவ்வளவு துருவினாலும் உள்ளே வேறு சொல் இல்லை. ஓர் உறுப்பை உறுப்பென்று ஏற்க, அது வேறு சொற்களிலும் அதே வேலையைச் செய்ய வேண்டும், அதைக் கழற்றிய பின் எஞ்சுவதும் பொருளோடு நிற்க வேண்டும். வருகை, செய்கை, கொள்கை ஆகியவற்றில் கை விகுதி. வரு, செய், கொள் நிற்கின்றன. பலகையில் கையைக் கழற்றினால் 'பல' நிற்கிறதே என்று மகிழக் கூடாது, பலகைக்கும் பலவுக்கும் உறவில்லை. பழைய இலக்கணிகளே இந்த மயக்கத்தைப் பொதுமொழி (சேர்ந்து நின்றால் ஒரு பொருளும் பிரிந்தால் வேறு பொருளும் தரும் சொல்) என்று வகுத்து, தாமரையைத் தா + மரை என்றும், எட்டு என்பதை எள் + து, அதாவது எள்ளைத் தின் என்றும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். து என்றால் உண் என்று பொருள். நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்துச் சொற்களில் குறில் இரண்டே, இது ஒன்று, நொ மற்றொன்று.

இன்று பகாப்பதம் போலத் தோன்றுவதற்குள் பழைய மூட்டு இருப்பதும் உண்டு. எந்தை, நுந்தை, தந்தை. எங்கை, நுங்கை, தங்கை. எம்பி, உம்பி, தம்பி. என், உன், தன் என்ற உரிமை முன்னேயே அடங்கியிருந்தது. அந்த வரிசைகளில் கடைசிச் சொல் மட்டும் வழக்கில் எஞ்சியதால் மூட்டு மறைந்தது, 'என் தம்பி' என்று இன்னொரு உரிமையும் முன்னால் வந்து நிற்கிறது. இதைப் பிழை என்று எவரும் சொல்ல முடியாது. மூட்டு மூடிக்கொண்ட சொல்லைத் திறந்து திருத்தப் புறப்படுவது வீண் வேலை.

தங்களிடம் கேட்பது இரண்டு. மாணவர் பக்கத்தில் வந்தனன், நடந்தனன் என்பவற்றை விட்டு, அன்றைய செய்தியிலிருந்தே 5 சொற்களை எடுத்துப் பிரித்துக் காட்டுங்கள். இன்னொன்று, குறுகிய பத்திகளில் வரி உடையும் இடம். 'அரசு' ஒரு வரியிலும் 'க்கு' அடுத்த வரியிலும் விழுகின்றன. புள்ளி எழுத்து வரியைத் தொடங்கக் கூடாது என்ற ஒரு கட்டளையைப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் சேர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, இரண்டு மெய்கள் சந்திக்கும் மூட்டில் உடையுங்கள். நகராட்சி என்பதை நகர், ஆட்சி என்று நடுவில் உடைக்க முடியாது, ரா குறுக்கே நிற்கிறது. 'நகராட்சித்' என்று விட்டு, 'தலைவர்' என்று அடுத்த வரியைத் தொடங்கலாம். மாணவர் – களுக்கு, ஊழியர் – களிடம் என்று உடைந்தால் படிப்பவர் கண் தடுக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்